சார்ஜ் என்றால் எந்த சார்ஜ்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஒரு நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் அடிக்கடி கேட்கும் சொற்களில் ஒன்று ‘சார்ஜ்’. உருக்காலையில் ஃபர்னஸுக்கு சார்ஜ் போடுகிறார்கள். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு சார்ஜ் ஏற்றுகிறார்கள். அலுவலக ஏ.சி.க்கு கேஸ் சார்ஜ் செய்ய வந்த மெக்கானிக், போகும்போது சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கொள்கிறார். கணக்குப் பிரிவில் மின்வாரிய பில்லை வைத்துக்கொண்டு டிமாண்ட் சார்ஜைப் பற்றிப் பேசுகிறார்கள். ஷிஃப்ட் முடிந்த இன்சார்ஜ் அடுத்தவரிடம் சார்ஜ் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். ஏதோ தவறு செய்ததாகச் சொல்லப்படும் தொழிலாளியின் கையில் சார்ஜ் மெமோ இருக்கிறது.

அவரவர் வேலையில் அவரவருக்குக் குழப்பமில்லை. ஃபர்னஸ் மேடையில் நிற்பவருக்கு அது பழைய இரும்பு, பேட்டரி அறையில் இருப்பவருக்கு மின்சாரம், கணக்காளருக்கு ரூபாய். ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குள் கால் வைக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. மின்னூட்டத்தின் அலகு கூலூம் என்று படித்துவிட்டு வரும் பாலிடெக்னிக் மாணவன், சார்ஜ் ஏறிய பேட்டரிக்குள் மின்னூட்டம் நிரம்பியிருப்பதாக நினைத்துக்கொள்கிறான். ஏ.சி.க்கு வருடா வருடம் கேஸ் சார்ஜ் செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் நம்புகிறார். இரண்டுமே தவறு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சொல் அப்படி நினைக்க வைக்கிறது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. சார்ஜ் என்று காதில் விழுந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எதை ஏற்றுகிறோம்? எதில் ஏற்றுகிறோம்? எந்த அலகில் அளக்கிறோம்? இந்தக் கேள்விகளோடு, கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே உலோகவியல், மின்னியல், வேதியியல், நிலத்தடி நீரியல் என்று பல அறிவியல்களுக்குள் போய் வந்துவிடலாம்.

வண்டியில் ஏற்றிய பாரம்

இந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீனில் இருக்கிறது. வண்டியைக் குறித்த சொல்லிலிருந்து ‘வண்டியில் பாரம் ஏற்று’ என்னும் வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கார்கோ இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. ஏற்றும் பாரம் இரும்பானால் உலையின் சார்ஜ், பணமானால் கட்டணம், கடமையானால் பொறுப்பு, பழியானால் குற்றச்சாட்டு. தமிழரின் காதுக்கு இது அந்நியமே இல்லை. நாமும் வரியைச் சுமத்துகிறோம், பழியைச் சுமத்துகிறோம், பொறுப்பைத் தலையில் ஏற்றுகிறோம்.

உலைக்குப் போடும் சார்ஜ்

சொல்லின் மூல அர்த்தத்துக்கு மிக அருகில் நிற்பது உருக்காலைதான். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வீடு கட்டும் கம்பி வார்க்கும் இரண்டாம் நிலை உருக்காலைகள் பல இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ். சிலிக்கா மண்ணை இறுக்கி இடித்து லைனிங் செய்த பெரிய கொப்பரை. அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் செம்புக் குழாய்ச் சுருள். மேக்னெட் கிரேன் அள்ளி வரும் பழைய இரும்பும் ஸ்பாஞ்ச் அயர்னும் இதற்குள் போகின்றன. அந்தச் சரக்கின் பெயர்தான் சார்ஜ், அதற்கு அலகு கிலோவும் டன்னும். ஒரு முறை உருக்கி ஊற்றுவதை ‘ஹீட்’ என்பார்கள். பரிசோதனைச் சான்றிதழில் ஒவ்வொரு கம்பிக் கட்டுக்கும் அந்த ஹீட் எண் இருக்கும்.

சுருளில் ஓடுவது மாறுதிசை மின்சாரம். வீட்டு மின்சாரத்தில் நொடிக்கு 50 சுழற்சிகள் என்றால், இதில் பல நூறு சுழற்சிகள். சுருளின் காந்தப்புலம் அதே வேகத்தில் மாறிக்கொண்டிருப்பதால், உள்ளே கிடக்கும் இரும்பில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. தீயும் இல்லை, கரியும் இல்லை. இரும்புக்குள்ளேயே ஓடும் மின்னோட்டம் அதன் மின்தடையால் வெப்பமாகிறது. தூய இரும்பு உருகுவது 1,538 டிகிரி செல்சியஸில். லேடில் என்னும் வாளியில் ஊற்றும்போது குழம்பு 1,600 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

இங்கே ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. உலைக்குள் போட்ட சார்ஜுக்குள், இயற்பியல் பேசும் சார்ஜ் ஓடுகிறது. ஒரு டன் இரும்பில் எத்தனை எலெக்ட்ரான்கள் இருக்கும் என்று கணக்கிட்டால் 28-க்குப் பின்னால் 28 சுழி போட வேண்டியிருக்கும். அவற்றின் மொத்த எதிர் மின்னூட்டம் ஏறத்தாழ 4,500 கோடி கூலூம். ஆனால் அணுக்கருக்களில் அதே அளவு நேர் மின்னூட்டம் இருப்பதால், கூட்டிக் கழித்தால் விடை சுழி. அதனால்தான் அந்த இரும்பை நாம் பயமில்லாமல் தொட முடிகிறது.

சார்ஜில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது உலை மேடையில் உயிர் காக்கும் வேலை. நனைந்த ஸ்கிராப்பில் ஒட்டியிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், கொதித்து ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். உருகிய இரும்புக்கு அடியில் அது சிக்கிக்கொண்டால் குழம்பு முழுவதும் மேலே தெறிக்கும். மழைக்காலத்தில் ஸ்கிராப்பைக் கூரைக்கு அடியில் வைக்கச் சொல்வதும், மூடிய சிலிண்டரையும் ஷாக் அப்சார்பரையும் பிரித்து ஒதுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். 2004 செப்டம்பர் 30 அன்று டெல்லியை அடுத்த சாகிபாபாத்தில், இறக்குமதியான பழைய இரும்போடு கலந்து வந்த போர்க்குண்டுகள் உருக்காலை ஒன்றில் வெடித்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். உலைக்கு வந்த சார்ஜுக்குள் வெடிமருந்து சார்ஜ் ஒளிந்திருந்தது. அதன் பிறகுதான் ஸ்கிராப்பைக் கப்பலேற்றும் இடத்திலேயே சோதித்துச் சான்று பெறும் முறை கட்டாயமானது.

பீரங்கியிலிருந்து ஜாடிக்கு

இரும்பைக் குறித்த சொல் மின்சாரத்துக்கு எப்படிப் போனது? நடுவில் இருப்பது பீரங்கி. குழலுக்குள் அளந்து திணிக்கும் வெடிமருந்தும் சார்ஜ்தான். திருவள்ளூர் மாவட்டத்துக்கு அதில் பழைய தொடர்பு இருக்கிறது. பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், அந்த நூற்றாண்டில் அங்கே ஒரு வெடிமருந்து ஆலையையும் நடத்தினார்கள். அங்கே அரைத்த மருந்து அவர்களுடைய ஆசியக் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் போனது. இன்று அதே மாவட்டத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை பீரங்கி வண்டிகளைச் செய்கிறது.

மின்சார ஆய்வுகள் ஐரோப்பாவில் பரபரப்பான காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த சார்ஜ் வெடிமருந்துதான். 1745, 1746-ஆம் ஆண்டுகளில் லைடன் ஜாடி வந்தது. உள்ளும் புறமும் உலோகத் தகடு போர்த்திய கண்ணாடிப் புட்டி. அதைத் தேய்ப்பு எந்திரத்தோடு இணைத்துவிட்டுப் பிறகு தொட்டால், உடலே தூக்கிப்போடும் அதிர்ச்சி. மருந்து அடைத்த துப்பாக்கி வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வேறாகத் தோன்றவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து பெஞ்சமின் ஃபிராங்கிளின் 1747 முதல் லண்டனில் இருந்த பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதங்களில் இந்தச் சொற்கள் மின்னியலில் நிலைபெற்றன. நேர், எதிர் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பல கண்ணாடித் தகடுகளை வரிசையாக இணைத்ததற்கு, பீரங்கி வரிசையின் பெயரான பேட்டரி என்பதையே வைத்தார்.

ஆனால் அந்தச் சொல் எங்கே பொருந்தவில்லை என்பதை முதலில் கண்டவரும் ஃபிராங்கிளினே. ஜாடியின் உள்தகட்டில் எவ்வளவு கூடுகிறதோ, அதே அளவு வெளித்தகட்டில் குறைகிறது. சார்ஜ் ஏறிய ஜாடியில் மொத்த மின்சாரம் ஏறாத ஜாடியில் இருப்பதைவிடத் துளியும் அதிகம் இல்லை. துப்பாக்கியில் மருந்து வெளியிலிருந்து உள்ளே வருகிறது. ஜாடியில் ஏற்கெனவே இருப்பது இடம் மாறி நிற்கிறது. அந்த இடமாற்றத்தில்தான் ஆற்றல் அடங்கியிருக்கிறது.

இயற்பியல் பிறகு தன் சார்ஜுக்கு மிகக் கறாரான வரையறை செய்துகொண்டது. 1785-இல் கூலூம் அதன் விசையை அளந்தார். 1897-இல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். அடுத்து மில்லிகன், எண்ணெய்த் துளிகளை மின்தகடுகளுக்கு நடுவே மிதக்கவிட்டு, மின்னூட்டம் ஒரு குறிப்பிட்ட சிறு அளவின் மடங்குகளாக மட்டுமே வருகிறது என்று காட்டினார். 1923-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2019 மே 20 முதல் அந்தச் சிறு அளவு 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று உலகம் முழுமைக்கும் நிலையாக்கப்பட்டுவிட்டது. இந்த சார்ஜை யாரும் எலெக்ட்ரான் மீது ஏற்றவில்லை, யாராலும் இறக்கவும் முடியாது. அது எலெக்ட்ரானின் இயல்பு. பிரபஞ்சத்தின் மொத்தக் கணக்கில் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

சார்ஜ் ஏறிய பேட்டரியில் என்ன ஏறியிருக்கிறது?

ஒரு கூலூம் என்பது எவ்வளவு பெரிய அளவு என்று தெரிந்தால் அடுத்த விஷயம் எளிதாகப் புரியும். ஒரு கூலூம் மின்னூட்டம் கொண்ட இரண்டு பொருட்களை ஒரு மீட்டர் இடைவெளியில் வைக்க முடிந்தால், அவை ஒன்றையொன்று தள்ளும் விசை ஏறத்தாழ 9 லட்சம் டன் எடைக்குச் சமம். சாதாரண மின்னல் ஒன்று தரைக்குக் கொண்டுவருவது சுமார் 15 கூலூம். இப்போது உங்கள் கைபேசியை எடுத்துப் பாருங்கள். 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், கணக்கில் அது 18,000 கூலூம். ஆயிரம் மின்னல்களுக்கு மேல்! அவ்வளவும் உள்ளே சேர்ந்து உட்கார்ந்திருந்தால் கைபேசியும் இருக்காது, கையும் இருக்காது.

அந்த 18,000 கூலூம் பேட்டரிக்குள் சேர்வதில்லை, பேட்டரி வழியாகக் கடந்து போகிறது. சார்ஜரின் ஒரு கம்பியில் எத்தனை எலெக்ட்ரான் நுழைகிறதோ, மறு கம்பியில் அத்தனையும் வெளியேறிவிடுகிறது. சம்ப்பில் இருக்கும் தண்ணீரை மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். வீட்டில் இருக்கும் மொத்தத் தண்ணீர் ஒரு குடம்கூடக் கூடவில்லை, உயரம்தான் கூடியிருக்கிறது. பேட்டரியிலும் அப்படித்தான். சார்ஜர் செய்வது எலெக்ட்ரான்களையும் அயனிகளையும் திரும்பி வரத் துடிக்கும் இடத்துக்குத் தள்ளிவிடும் வேலை. சேமிப்பாவது வேதி ஆற்றல்.

ஈய-அமில பேட்டரியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல். சார்ஜ் நிறைந்திருக்கும்போது ஒரு தகட்டில் ஈயம், மறு தகட்டில் ஈய டை ஆக்சைடு, நடுவில் கந்தக அமிலம். பயன்படுத்தப் பயன்படுத்த இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. பேட்டரிக் கடைக்காரர் மூடியைத் திறந்து, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி ‘கிராவிட்டி’ பார்ப்பார். உள்ளே மிதக்கும் ஹைட்ரோமீட்டர் 1.28 அருகில் நின்றால் சார்ஜ் முழுமை, 1.12 பக்கம் அமிழ்ந்துவிட்டால் பேட்டரி இறங்கிவிட்டது. அவர் அளப்பது திரவத்தின் அடர்த்தியை, அதிலிருந்து வேதி மாற்றம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார். சார்ஜைப் பற்றிய கேள்விக்கு அமிலத்தில் விடை கிடைக்கிறது.

வேதி மாற்றம் என்று புரிந்துகொண்டால் பாதுகாப்பும் புரியும். நிறைந்த பிறகும் சார்ஜர் ஓடினால், தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி அறைக்குக் காற்றோட்டம் வேண்டும், அங்கே பீடி பற்றவைக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். அலகையும் கவனிக்க வேண்டும். 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி என்பது எவ்வளவு மின்னூட்டம் கடந்து போகும் என்பதன் அளவு. அதை 12 வோல்ட்டால் பெருக்கினால்தான் ஆற்றல் வரும்: 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். மின்வாரியம் காசு கேட்பது இந்த யூனிட்டுக்கு.

உண்மையிலேயே மின்னூட்டம் ஏறும் இடம்

அப்படியானால் வெளியிலிருந்து மின்னூட்டத்தை உண்மையாகவே ஏற்றும் தொழில்நுட்பம் இல்லையா? இருக்கிறது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும், அதை அடுத்து வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று கொண்ட அனல்மின் நிலையமும் இருக்கின்றன. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் இருக்கும். அந்த நுண்சாம்பல் புகைபோக்கி வழியாக ஊர் மேல் படியாமல் பிடிப்பதற்கு இருப்பது இ.எஸ்.பி. என்னும் மின்னிலை வீழ்படிவி.

புகை போகும் பாதையில் உயரமான இரும்புத் தகடுகள் தொங்கும். அவற்றுக்கு நடுவே உள்ள மெல்லிய மின்முனைகளில் பல பத்தாயிரம் வோல்ட் எதிர் மின்னழுத்தம். முனையைச் சுற்றியுள்ள வாயு அயனியாகிறது, அயனிகள் சாம்பல் துகளில் ஒட்டி அதற்கு மின்னூட்டம் தருகின்றன, துகள் பக்கத்துத் தகட்டை நோக்கி இழுபட்டுப் படிகிறது. அவ்வப்போது சுத்தியல்கள் தகட்டைத் தட்ட, சாம்பல் அடியிலுள்ள தொட்டியில் விழுகிறது. சரியாக இயங்கினால் 99 விழுக்காட்டுக்கு மேல் சாம்பல் இங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு துகள் மீதும் ஏறியிருப்பது கூலூமில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பிறகு வரிசையாகச் சுழிகள் போட வேண்டிய அளவு. ஆனாலும் அது அசல் மின்னூட்டம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதால் சாம்பலின் மின்தடை அதிகம். தகட்டில் படிந்த பிறகும் துகள் தன் மின்னூட்டத்தை எளிதில் விடாது. அடுக்கடுக்காகச் சேர்ந்து, அடுத்து வரும் துகளைத் தள்ளவும் தொடங்கிவிடும். அதனால் இங்கே இ.எஸ்.பி.யைப் பெரிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. மின்னூட்டத்தை ஏற்றினால் போதாது, இறங்கவும் வழி வேண்டும் என்பதை இந்தச் சாம்பல் சொல்லித்தருகிறது. வாகன உதிரிபாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறைகளிலும் இதே விதிதான். துப்பாக்கி போன்ற கருவி பொடிக்கு மின்னூட்டம் தருகிறது, எர்த் செய்த இரும்பில் பொடி ஒட்டுகிறது. எர்த் சரியில்லையென்றால் பொடி ஒட்டாமல் உதிரும்.

பில்லில் இருக்கும் சார்ஜ்

மின்வாரிய பில்லில் வரும் சார்ஜுக்குக் கூலூமோடு தொடர்பில்லை என்றாலும் அதற்குள்ளும் பொறியியல் இருக்கிறது. உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைக்கு இரண்டு கட்டணங்கள். ஓடிய யூனிட்டுக்கு ஒன்று. ஆலை ஒரே நேரத்தில் எவ்வளவு மின்திறனை இழுக்கும் என்பதற்கு இன்னொன்று. இரண்டாவதுதான் டிமாண்ட் சார்ஜ், அதன் அலகு கே.வி.ஏ. (கிலோவோல்ட்-ஆம்பியர்). உலை எந்த நிமிடம் ஓடினாலும் ஈடுகொடுக்க, மின்மாற்றியும் கம்பியும் மின் நிலையமும் எப்போதும் தயாராக நிற்க வேண்டும். அந்தத் தயார்நிலைக்கு விலை அது.

2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில் இது கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக உயர்ந்தது. மாதத்தில் பதிவான உச்ச அளவு, ஒப்பந்த அளவின் 90 விழுக்காடு ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். 5,000 கே.வி.ஏ. ஒப்பந்தம் போட்ட ஆலை, ஆர்டர் இல்லாமல் மாதம் முழுக்க உலையை நிறுத்தி வைத்தாலும் அந்த விகிதத்தில் 24,75,000 ரூபாய் கட்டியாக வேண்டும். சிறு, நடுத்தரத் தொழில் நடத்துவோர் ஏன் யூனிட் விலையைவிட இதைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள் என்பது இந்தக் கணக்கில் தெரியும். இரண்டுமே பில்லில் சார்ஜ் என்றே இருந்தாலும், ஒன்று ஆற்றலுக்கு, மற்றது திறனுக்கு.

தீராத கேஸ், தீர்ந்த நீர்

ஏ.சி. மெக்கானிக்கின் கேஸ் சார்ஜ் கிராமில் அளக்கப்படுகிறது. ஆர்-32 போன்ற குளிர்பதனப் பொருளைச் சிலிண்டரோடு தராசில் வைத்து, எந்திரத்தின் பட்டையில் அச்சிட்ட எடை வரும்வரை ஏற்ற வேண்டும். மூடிய குழாய்க்குள் அது ஆவியாவதும் திரவமாவதுமாகச் சுற்றி வந்து, அறையின் வெப்பத்தை வெளியே கடத்துகிறது. பெட்ரோல் போல எரிந்து தீர்வதே இல்லை. கேஸ் குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். அதை அடைக்காமல் மறுபடி சார்ஜ் செய்தால் பணமும் வீண், காற்றுக்கும் கேடு. புவியை வெப்பமாக்குவதில் ஆர்-32 கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 675 மடங்கு வலியது. பழைய ஆர்-22 அதைவிடவும் மோசம், ஏறத்தாழ 1,800 மடங்கு.

கேஸுக்கு நேர் எதிரான கதை மீஞ்சூர் நிலத்தடி நீரின் ரீசார்ஜ். ஆரணியாறும் கொசஸ்தலை ஆறும் படியவிட்ட மணலுக்கு அடியில் நல்ல நீர்த்தேக்கம் இருந்தது. 1960-களில் ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணறுகள் தோண்டி, சென்னையின் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. விவசாயமும் அதே நீரை நம்பியிருந்தது. மழையும் ஆறும் ஏற்றியதைவிட மோட்டார்கள் இறைத்தது அதிகம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே வரத் தொடங்கியிருந்தது. பிறகு அது 10 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே புகுந்துவிட்டது.

ஏன் இவ்வளவு வேகம்? கடல்நீர் நன்னீரைவிட 2.5 விழுக்காடுதான் கனமானது. கடலோர நிலத்தில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதன் எடை கீழே 40 மீட்டர் ஆழத்துக்கு உப்புநீரைத் தள்ளி வைக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டால், காலப்போக்கில் அடியிலிருந்து 40 மீட்டர் உப்பு மேலேறும். பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்ய ஓர் இரவு போதும். உப்பேறிய மணலை நன்னீர் கழுவி மீட்கப் பல ஆண்டுகள் தடுப்பணைகளும் நல்ல மழையும் வேண்டும். இந்த ரீசார்ஜுக்கு அலகு மில்லியன் கன அடி, கால அளவு தலைமுறை. 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. அந்த நீரில் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும், மண்ணுக்குள் இறங்கிய மழைநீருக்கு அது வேண்டியதில்லை.

பொறுப்பும் ஒரு சுமை

மனிதர்கள் மேல் ஏறும் சார்ஜுக்கு மட்டும் அலகு கிடையாது. ஆவடி போன்ற பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் ‘சார்ஜ்மேன்’ என்றே ஒரு பதவி இருக்கிறது; தனக்கு ஒப்படைக்கப்பட்ட பிரிவின் வேலைக்கும் ஆட்களுக்கும் பொறுப்பானவர் அவர். தனியார் ஆலையில் அவரே ஷிஃப்ட் இன்சார்ஜ். அலகு இல்லாததால் இங்கே எழுத்து தேவைப்படுகிறது. லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சார்ஜ் ஒப்படைத்தால், எந்த உலையின் லைனிங் தேய்ந்திருக்கிறது, எந்தக் குழாயில் தண்ணீர் அழுத்தம் குறைகிறது என்பது அடுத்தவருக்குத் தெரியும். வாயால் சொல்லிவிட்டுப் போனால் விபத்துக்குப் பிறகு யார்மேல் சார்ஜ் மெமோ என்ற சண்டை மட்டும் மிஞ்சும்.

அலகைச் சொல்லிக் கற்றுக்கொடுப்போம்

தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கத்தான் செய்கின்றன. பாடநூலில் மின்னூட்டம், மின்னேற்றம், கட்டணம், பொறுப்பு, குற்றச்சாட்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் மின்னூட்டத்துக்கு ஏற்றம். அவற்றை வகுப்பில் விடாமல் பயன்படுத்த வேண்டும். ஆனால் பட்டறையில் சார்ஜ் என்னும் சொல் போய்விடாது, போக வேண்டியதும் இல்லை. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களும் ஆலைகளின் பயிற்சி அலுவலர்களும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அந்தச் சொல்லை உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும் அலகையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 800 கிலோ சார்ஜ், 150 ஆம்பியர்-மணி சார்ஜ், 900 கிராம் சார்ஜ், 5,000 கே.வி.ஏ.வுக்கு டிமாண்ட் சார்ஜ். கேட்பவன் மனத்தில் அந்தக் கணமே சரியான பொருள் வந்து உட்காரும்.

கும்மிடிப்பூண்டியின் உலை மேடைகளில் இன்று தமிழரோடு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் தோளோடு தோள் நின்று வேலை பார்க்கிறார்கள். எல்லோரும் அவரவர் மொழியிலும் சார்ஜ் என்றே சொல்கிறார்கள், அதனாலேயே புரிந்துவிட்டதாக இரு தரப்பும் நினைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. கிலோவும் ஆம்பியரும் அப்படிப்பட்டவை அல்ல, எந்த மொழியிலும் ஒரே அளவு. சார்ஜ் போடு என்ற குரல் வந்ததும் ‘என்ன சரக்கு, எத்தனை கிலோ, ஈரம் பார்த்தாச்சா?’ என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் புதிதாகச் சேரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதல் நாளே வர வேண்டும். அப்படிக் கேட்பவரை அதட்டாமல் பதில் சொல்லும் பழக்கம் இன்சார்ஜுக்கும் வர வேண்டும்.